கடல் பெரிசு, டால்பின் மூச்சு சிறுசு

2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் பிபி கம்பெனியின் எண்ணெய்க் கிணறு வெடித்து 11 பேர் செத்தார்கள். 87 நாள் எண்ணெய் கொட்டியது. கடலின் அளவுக்கு இது துளியூண்டு என்றார் அன்றைய தலைவர் டோனி ஹேவர்ட்.

அட மகராசா! டால்பின் என்ன கடல் முழுக்கவா மூச்சு விடுகிறது? எண்ணெய் மிதக்கும் தண்ணீருக்கு ஒட்டினாற்போல் மேலே இருக்கும் காற்றைத்தான் இழுக்கிறது. ஒரே மூச்சில் நுரையீரல் காற்றில் பெரும்பகுதியை மாற்றி, அடக்கிக்கொண்டு முங்கும். வடிகட்ட மூக்குமுடிகூடக் கிடையாது.

2011-ல் லூசியானாவின் பராடேரியா விரிகுடாவில் பிடித்து ஸ்கேன் பார்த்தார்கள். எண்ணெய் படாத ஃப்ளோரிடா சரசோட்டா டால்பின்களைவிட நுரையீரல் நோய்க்கு வாய்ப்பு 5 மடங்கு! எண்ணெய்தான் காரணம் என்று நிரூபிக்கவில்லையே என்றது கம்பெனி.

2016-ல் கோர்ட் ஏற்ற சமரசத் தொகை 2,000 கோடி டாலருக்கு மேல். அடேங்கப்பா என்கிறீர்களா? 550 கோடி அபராதம் போக, மிச்சத்தில் பெரும்பகுதியை வியாபாரச் செலவு என்று வரியில் கழித்துக்கொள்ள வழி விட்டார்கள்!