பொன்னாடையால் அடுப்பெரியாது

வீரமாமுனிவர் 1727-ஆம் ஆண்டில் ‘வேதியர் ஒழுக்கம்’ என்னும் நூலை இயற்றினார். தமிழ் உரைநடை வரலாற்றில் அந்நூலுக்குச் சிறப்பானதோர் இடமுண்டு. வேதியர், அதாவது ஊர்ப்புறங்களில் இன்றும் உபதேசியார் என்று அழைக்கப்பெறும் பொதுநிலை மறைப்பணியாளர், எவ்வாறு வாழ வேண்டும், எவ்வாறு போதிக்க வேண்டும் என்பதை முனிவர் அதில் எடுத்துரைத்தார். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. வேதியருக்குரிய கடமைகளை விரல்விட்டு எண்ணிச் சொல்லும் வழக்கம் அன்றுபோலவே இன்றும் நிலைத்திருக்கிறது. வேதியர்பால் பங்கு ஆற்ற வேண்டிய கடமைகளை எண்ணிச் சொல்வார்தாம் அரியர்.

திருத்தந்தை பதினோராம் பயஸ் 1926-இல் ஏற்படுத்திய மறைபரப்பு ஞாயிறு ஒவ்வோராண்டும் அக்டோபர் திங்களில் வருகிறது. நற்செய்திக்காக வீடு துறந்த குடும்பங்களை அன்று மறையுரையில் நினைக்கிறோம். அவர்களை ஊக்குவிப்பது எப்படி என்று கருத்தரங்குகளும் நடைபெறுகின்றன. மறைப்பணிக் குடும்பம் என்றதும் நம் மனக்கண் ஆப்பிரிக்கக் காடுகளுக்கும் வடநாட்டு மலைகளுக்கும் ஓடிவிடுகிறது. அங்குள்ளோர் போற்றுதற்குரியவர்களே, ஐயமில்லை. ஆயினும் கோயிலுக்குப் பின்புறம், ஓடு பெயர்ந்த ஒற்றை அறை வீட்டில், மனைவி மக்களோடு குடியிருக்கும் மறைப்பணிக் குடும்பம் நம் கணக்கில் ஏன் வருவதில்லை? அண்மையில் இருப்பதாலேயே அது கண்ணுக்குப் படாமற்போயிற்றோ?

மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் செல்லும் வழியில், சமயநல்லூரில் நின்று பாருங்கள். ஒருபுறம் தேனூர், திருவேடகம், சோழவந்தான் என்று வைகைக் கரையோர ஊர்கள். மற்றொருபுறம் ஊர்மெச்சிகுளம், அலங்காநல்லூர். மேற்கே போனால் ஆரோக்கிய அன்னையின் திருத்தலம் அமைந்த வாடிப்பட்டி. வயலும் வாய்க்காலுமாய் விரிந்த இத்தகைய சமவெளியில் கிறிஸ்தவர்கள் கொத்துக் கொத்தாக வாழ்வதில்லை. பத்து வீடு இங்கே, நாலு வீடு அங்கே என்று சிதறிக் கிடக்கிறார்கள். குருவானவர் ஒருவர்; போக வேண்டிய ஊர்களோ பல. நள்ளிரவில் ஓர் உயிர் பிரியும்போது தலைமாட்டில் நின்று செபிப்பவர் யார்? நோயில்பூசுதலுக்குக் குருவானவரை அழைத்துவர ஓடுபவர் யார்? புதிதாக மறைநூல் கேட்க வந்தவனுக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுப்பவர் யார்? விடையை ஊர்ச் சிறுவனும் சொல்வான்.

இது இன்று நேற்று ஏற்பட்ட நிலையன்று. தத்துவ போதகர் இராபர்ட் தே நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்த காலந்தொட்டு இந்த மறைத்தளம் வேதியரின் கால்களால் நடந்தது. 1686-இல் மறவர் நாட்டில் புனித அருளானந்தர் பிடிபட்டபோது அவருடன் வேதியரும் பிடிபட்டு வதைக்கப்பட்டனர். அவருக்குப் பீடம் எழுப்பினோம். அவரோடு அடிபட்டவர்களின் பெயரை எத்தனை பேர் அறிவர்? 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. 1830-களின் இறுதியில் பிரெஞ்சு நாட்டு இயேசு சபையினர் மீண்டும் இங்கு வந்து சேரும்வரை, விரல்விட்டு எண்ணத்தக்க குருக்களோடு இப்பகுதி விசுவாசம் உயிர்பிழைத்திருந்ததற்கு வேதியர் குடும்பங்கள் முதற்காரணம். தந்தை கற்ற செபத்தை மகனுக்குச் சொல்லி, மகன் பேரனுக்குச் சொல்லிக் காத்த செல்வம் அது.

மறைப்பணியை நாம் எப்போதும் ஆண் ஒருவரின் பணியாகவே எண்ணிப் பழகிவிட்டோம். புனித தேவசகாயத்தை எடுத்துக்கொள்வோம். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752-இல் ஆரல்வாய்மொழியில் உயிர்நீத்தவர். 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்ட முதல் இந்தியப் பொதுநிலையினர். தமிழகமே மகிழ்ந்தது, கொடிகளும் பதாகைகளும் ஏறின. அவருடைய மனைவி பார்கவி அம்மாள், தாமும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ என்னும் பெயர் பூண்டவர். கணவரின் விலங்கையும் மரணத்தையும் கண்டபின் அவருக்கு எஞ்சியது உறவினர் இல்லாத கைம்மை வாழ்வு. வடக்கன்குளத்தில் அவர் கழித்த நாள்களைப் பற்றி நம் மறையுரைகள் பேசுவதுண்டா? மறைசாட்சியின் இரத்தம் திருச்சபையின் வித்து என்கிறோம். மறைசாட்சியின் மனைவிக்கு மறுநாள் உலையில் அரிசி விழுந்ததா என்று கேட்பதும் திருச்சபையின் வேலைதான்.

இன்றைய வேதியர் வீட்டிலும் அந்த ஞானப்பூ இருக்கிறார். ஊதியப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆனால் பீடத் துணி வெளுப்பவர் அவர். மாலையில் செபமாலை தொடங்குபவர் அவர். முதல் நற்கருணைக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்பவர் அவர். பெண் இறந்தால் குளிப்பாட்டி உடுத்துபவர் அவர். குருவானவர் திடீரென்று வந்திறங்கினால் காப்பி கலக்கிக் கொடுப்பவரும் அவரே. ஒருவருக்குக் கூலி கொடுத்து இருவரிடம் வேலை வாங்கும் முதலாளியை நாம் என்ன சொல்லி அழைப்போம்? அந்தச் சொல் கோயில் வளாகத்திற்குள் நுழையும்போது மட்டும் ‘தியாகம்’ என்று பெயர் மாற்றிக்கொள்கிறது.

பிள்ளைகள் படும் பாடு வேறு வகை. “உபதேசியார் பிள்ளையா இப்படி?” என்ற ஒரு கேள்வியைச் சுமந்தே அவர்கள் வளர்கிறார்கள். மற்றப் பிள்ளை பூசைக்கு வராவிட்டால் சளி, காய்ச்சல். உபதேசியார் பிள்ளை வராவிட்டால் துர்மாதிரிகை! தந்தைக்கு மாற்றல் வந்தால் பள்ளியும் மாறும், நண்பர்களும் மாறுவர். இதனினும் பெரிய சுமை ஒன்றுண்டு. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையின்படி, பட்டியல் சாதியினராகப் பிறந்தவர் கிறிஸ்தவராகிவிட்டால் அச்சலுகைகளை இழக்கிறார். தமிழகத்தில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்படுகிறார். இதனால் உள்ளத்தில் கிறிஸ்தவராகவும் சான்றிதழில் வேறாகவும் வாழும் குடும்பங்கள் பல. அவர்களைக் குறைகூற நமக்கு வாய் வரவில்லை. ஆனால் உபதேசியாருக்கு அந்த வழி அடைபட்டது. ஊரறியச் சிலுவை ஏந்துபவர் சான்றிதழில் ஒளிய முடியுமா? அவருடைய அறிக்கைக்குரிய விலையை அவருடைய மகள் கல்லூரி வாசலில் கொடுக்கிறாள். அந்த மகளின் கட்டணத்தைப் பங்கு ஏற்பதை உதவி என்று சொல்வது கூசத்தக்கது. அது பங்கு தீர்க்க வேண்டிய கடன்.

‘உதவி’ என்னும் சொல்லோடுதான் நமக்கு வழக்கு. திருச்சபையின் சட்டம் இவ்விடத்தில் உதவியைப் பற்றிப் பேசவில்லை. உரிமையைப் பற்றிப் பேசுகிறது. 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 231-ஆம் எண்ணைப் பங்குப் பேரவையினர் ஒருமுறையேனும் எடுத்துப் படிக்க வேண்டும். திருச்சபையின் தனிப்பட்ட பணிக்குத் தம்மை ஒப்படைத்த பொதுநிலையினர், தம் தேவைக்கும் தம் குடும்பத்தின் தேவைக்கும் தகுந்த ஊதியம் பெற உரிமையுடையோர் என்றும், முதுமைக்கும் நோய்க்கும் பாதுகாப்புப் பெற உரிமையுடையோர் என்றும் அது கூறுகிறது. குடும்பம் என்னும் சொல் அங்கே தற்செயலாய் விழுந்ததன்று. திருச்சபைச் சொத்துகளை நிருவகிப்போர் நாட்டின் தொழிற்சட்டங்களைக் கடைப்பிடித்து நீதியான கூலி கொடுக்க வேண்டும் என்கிறது 1286-ஆம் எண். அதற்கும் முன்னரே, 1965-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் நற்செய்திப் பணி பற்றிய தன் ஏட்டின் 17-ஆம் பிரிவில், முழுநேர வேதியருக்கு நேரிய ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வேண்டும் என்று கேட்டுவிட்டது. 1891-இல் ‘ரேரும் நோவாரும்’ சுற்றுமடலில் ஆலை முதலாளிகளுக்கு நீதியான கூலியைப் போதித்தவர் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ. மதுரையில் ஹார்வி மில் எழும்பிய காலமும் ஏறத்தாழ அதுவே. மில்காரனுக்குப் போதித்த நீதி கோயில் மதிலுக்கு வெளியே நின்றுவிட்டதா?

திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே 10 அன்று வேதியர் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணியாக ஏற்படுத்தினார். வழிபாட்டுச் சடங்கில் ஆயரின் கைகளால் அப்பணி வழங்கப்படும். இந்த மாண்பை நாம் மனமார வரவேற்கிறோம். நமது அச்சம் வேறு. நம் ஊர்களில் மாண்பு என்றவுடன் பொன்னாடை வந்துவிடும். சடங்கு முடிந்து, புகைப்படம் எடுத்து, கைதட்டி அனுப்பிவிட்டால் வேதியருக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டதாகப் பேரவைக்கு ஒரு நிறைவு. எத்தனையோ உபதேசியார் வீட்டுப் பெட்டியில் ஏழெட்டுப் பொன்னாடைகள் மடித்து வைத்தபடியே கிடக்கின்றன. அவற்றை விற்றால்கூட ஒரு வேளைக் காய்கறி தேறாது.

மறுப்புகள் வருமென்று அறிவோம். “புனித பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தாரே, இவர்கள் ஏன் கூலி கேட்க வேண்டும்?” என்பர் சிலர். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தை முழுதும் படித்தவர் இப்படிக் கேட்கமாட்டார். நற்செய்தி அறிவிப்போர் நற்செய்தியால் பிழைக்க வேண்டும் என்பது ஆண்டவரின் கட்டளை என்றும், கேபாவைப் போல மனைவியை உடன் அழைத்துச் செல்லத் தமக்கும் உரிமை உண்டென்றும் அவர் அங்கே வழக்காடுகிறார். அதன்பின் தம்முடைய உரிமையைத் தாமே விட்டுக்கொடுக்கிறார். மணமாகாதவர், விட்டுக்கொடுத்தார். கேபாவின் மனைவிக்குரிய சோற்றை அவர் விட்டுக்கொடுக்கவில்லை!

“பிரிஸ்கில்லாவும் அக்கிலாவும் சொந்தத் தொழில் செய்துகொண்டே திருச்சபையைத் தம் வீட்டில் கூட்டினார்களே” என்பர் வேறு சிலர். மெய்தான். அப்படியானால் உபதேசியாரும் தம் வயலையோ கடையையோ பார்க்க விடுங்கள். கூப்பிட்ட நேரத்திற்கு வரவில்லை என்று கோபிக்காதீர்கள். முழுநேரப் பணியும் அரைநேர ஊதியமும் சேர்த்துக் கேட்பதற்குத் திருவிவிலியத்தில் சான்று கிடையாது.

“ஏழைப் பங்கு, பணத்திற்கு எங்கே போவது?” என்னும் மறுப்புக்கு மட்டும் நாம் மதிப்பளிக்கிறோம், சிறு கிளைப்பங்குகளின் வறுமை மெய்யானது. ஆயினும் அதே ஊரில் திருவிழாவுக்குக் கொடியேறும் நாளில் வறுமை எங்கே ஒளிந்துகொள்கிறது? சீரியல் விளக்கு, ஒலிபெருக்கி, தேர் அலங்காரம், வாணவேடிக்கை! கால் மணி நேரத்தில் வானத்தில் கரியாகும் பணம் உபதேசியாரின் எத்தனை மாதச் சம்பளம் என்று ஒருவரும் வகுத்துப் பார்ப்பதில்லை. திருவிழா வேண்டாம் என்பதன்று நம் கட்சி. விழாவுக்கு உபயகாரர் முந்திக்கொண்டு வருகிறார்கள். உபதேசியார் வீட்டு ஓடு மாற்ற உபயகாரர் வருவதில்லை என்பதே நம் வழக்கு. ஓட்டில் பெயர் பொறிக்க இடமில்லாததுதான் காரணமோ என்னவோ.

பிரிந்த சகோதரர்கள் இதில் நம்மை முந்தி நெடுந்தூரம் சென்றுவிட்டனர். திருநெல்வேலியில் 1903-இல் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் தமிழ்க் கிறிஸ்தவர்களின் காசைக் கொண்டே தெலுங்கு நாட்டிற்கு ஊழியரை அனுப்பியது. 1959-இல் தமிழகத்தில் தோன்றிய ஃபிரண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட் வடமாநிலங்களுக்குக் குடும்பங்களையே அனுப்புகிறது. அவர்களைத் தாங்குவன ஊர்தோறும் உள்ள சிறு செபக்குழுக்கள்: பெயர் சொல்லிச் செபிப்பதும் மாதந்தோறும் காணிக்கை சேர்ப்பதும் அங்கே ஒரே வேலை. அம்மக்களின் பிள்ளைகள் படிப்புக்காகவே டோனாவூரில் ஒரு பள்ளி நடைபெறுகிறது. மிசோரத்துப் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல், உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, அதை விற்ற பணத்தில் மறைப்பணியாளரை அனுப்பி வருகின்றனர். அவர்கள் செல்வர் அல்லர். மலையில் பயிரிட்டுப் பிழைத்த மக்கள். பிடி அரிசி நம் பங்குகளும் அறியாத வழக்கமன்று. நெல் விளையும் வைகைப் பாசனத்தில் அதை மீண்டும் தொடங்க எது தடை?

செய்ய வேண்டியன சிலவே. உபதேசியாரின் ஊதியம் ஒரு பங்கின் வசதியையோ ஒரு குருவானவரின் மனநிலையையோ நம்பி நிற்கலாகாது; மறைமாவட்ட அளவில் ஒரே பொது நிதி வேண்டும். செல்வமுள்ள நகரப் பங்குகள் தம் திருவிழாச் செலவில் ஒரு பகுதியை அதற்குத் தர வேண்டும். எழுத்தில் பணியாணை வேண்டும். குருவானவர் மாறியதும் பழையவர் நியமித்த உபதேசியாரை வாய்மொழியாய் வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் அப்போதுதான் ஒழியும். மனைவியின் உழைப்புக்கு, சிறிதாயினும், அவர் கையிலேயே கொடுக்கப்படும் தொகை வேண்டும். உபதேசியார் இறந்தால் அடக்கம் முடிந்த கையோடு ‘வீட்டை எப்போது காலி செய்வீர்கள்’ என்று விதவையிடம் கேளாதிருக்க, ஓராண்டேனும் தங்கும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். இவற்றை ஆயரும் குருக்களும் செய்யட்டும் என்று பொதுநிலையினராகிய நாம் கைகட்டி நிற்க இயலாது. பேரவையில் வரவுசெலவுத் திட்டம் நம் முன்தான் படிக்கப்படுகிறது. கையெழுத்தும் நாம்தான் இடுகிறோம்.

அன்பியக் கூட்டங்கள் பணமின்றிச் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. அவர்கள் வீட்டுக்குப் போய்வருதல். உபதேசியார் எல்லார் வீட்டுக்கும் போகிறார். அவர் வீட்டுக்குப் போவார் இல்லை. குறைசொல்லவும் ஓலை எழுதி வாங்கவும் மட்டுமே அவ்வாசலில் கால் வைக்கிறார்கள். கிறிஸ்து பிறப்பன்று அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குப் புத்தாடை இருந்ததா என்று கேட்க ஒருவர், மனைவி மருத்துவமனையில் கிடந்தால் சோறு கொண்டுபோக ஒருவர், அவ்வளவே.

மாற்றல்களைப் பற்றியும் ஒரு சொல். குருக்களின் மாற்றலைப் பள்ளி விடுமுறையோடு இணைத்து மே மாதத்தில் வைத்துக்கொள்கிறார்கள். உபதேசியார் மாற்றல் ஆகஸ்டிலும் வருகிறது, நவம்பரிலும் வருகிறது. குருவானவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இல்லை, உபதேசியாருக்கு உண்டு. பள்ளிகள் ஜூனில் திறக்கும் முன்னே அவ்வாணை அவர் கைக்கு வரட்டும். காசு ஒன்றும் செலவாகாத இந்தத் திருத்தத்தையாவது வரும் கோடையிலேயே தொடங்கலாம்.