பதினாறு கோர், உழைப்பது ஒன்று

கட்டிடங்களை வடிவமைக்கும் ரெவிட் மென்பொருளில் பெரிய மாடல் ஒன்றைத் திறந்து ஒரு சுவரை நகர்த்திவிட்டு, விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் பல ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களில் ஒரே காட்சிதான். கர்சர் சுற்றிக்கொண்டே இருக்கும். பிராசஸர் பயன்பாடு நான்கைந்து சதவீதத்தைத் தாண்டாது. கணினி சும்மாதானே இருக்கிறது, மென்பொருள்தான் மோசம் என்று அலுவலகம் முடிவுகட்டிவிடும். ஆனால் 16 கோர், 32 திரெட் உள்ள பிராசஸரில் ஒரே ஒரு திரெட் முழுமூச்சாக ஓடினால் திரையில் தெரிவது 32-இல் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 3 சதவீதம். மற்ற கோர்களுக்குக் கொடுத்த பணம் அந்த வேலைக்கு உதவவே இல்லை.

மாடலிங்கின் இயல்பு அப்படி. சுவர் நகர்ந்தால்தான் ஜன்னல் நகரும், ஜன்னல் நகர்ந்த பிறகே அளவுக்கோடு மாறும். ஒன்றன்பின் ஒன்றாகத்தான் கணக்கிட முடியும். ரெவிட், ஸ்கெட்ச்அப் இரண்டிலும் பெரும்பகுதி வேலை இந்த வகை. ரெண்டரிங் இதற்கு நேர்மாறு. படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் விழும் ஒளியைத் தனித்தனியே கணக்கிடலாம் என்பதால், எத்தனை கோர் கொடுத்தாலும் கொரோனா என்ற ரெண்டரிங் மென்பொருள் பங்குபோட்டுக்கொள்ளும். லூமியன், என்ஸ்கேப், ட்வின்மோஷன் ஆகியவை அந்தச் சுமையை கிராபிக்ஸ் கார்டின் மேல் ஏற்றுகின்றன. வி-ரே இரண்டு வழியிலும் ஓடும்.

ஆகவே ஐந்து பேர் வேலை செய்யும் அலுவலகம் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஐந்து கணினி என்று சென்னை ரிச்சி தெருவில் கொட்டேஷன் வாங்குவது தவறு. நாள் முழுக்க வரைபவருக்கு ஆறு அல்லது எட்டு கோர் போதும், ஒவ்வொன்றும் வேகமானதாக இருக்க வேண்டும். கூடவே 32 ஜிபி ரேம். அதில் மிச்சமாகும் பணத்தில் ரெண்டருக்கென்றே வலுவான கணினி ஒன்றை வாங்கி எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம்.

கிராபிக்ஸ் கார்டில் புதிய எண் என்றால் மேல் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. 2021-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 கார்டில் 12 ஜிபி நினைவகம் இருந்தது. 2023-இல் வந்த 4060-இல் இருப்பது 8 ஜிபி. சின்ன மாடலில் புதியதுதான் வேகம். மரமும் புல்வெளியும் நிறைந்த காட்சி 8 ஜிபிக்குள் அடங்காவிட்டால் ரெண்டர் தவழும், அல்லது பாதியில் நின்றுபோகும். மடிக்கணினியில் ஏமாற்றம் இன்னும் பெரிது. மேசைக்கணினியின் ஆர்டிஎக்ஸ் 4090-இல் 24 ஜிபி. அதே பெயரில் மடிக்கணினிக்குள் வரும் கார்டில் 16 ஜிபிதான்.

கோடையில் கரன்ட் போகும் ஊர்களில் கொட்டேஷனின் கடைசி வரியில் கிடக்கும் யுபிஎஸ்ஸையும் கவனிக்க வேண்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது சுமார் 360 வாட். ரெண்டர் ஓடும் கணினி அதை எளிதில் தாண்டிவிடும். அப்போது கரன்ட் போனால், இரவு முழுக்க ஓடிய வேலை விடியற்காலையில் ஒரு நொடியில் போய்விடும்.

அந்த இரவுகளில் விழித்திருப்பவர்கள் இளம் ஆர்க்கிடெக்ட்களும் டிராஃப்ட்ஸ்மேன்களும்தான். கணினி வாங்கும்போது அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இது அநியாயம், அலுவலகத்துக்கு நஷ்டமும்கூட. யார், எந்த வேலையில், எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று ஒரு வாரம் எழுதிவைக்கச் சொல்ல வேண்டும். மாடலைத் திறப்பதற்கா, சுவரை நகர்த்துவதற்கா, ரெண்டருக்கா என்பது அதில் தெரிந்துவிடும். எல்லோரும் பகிரும் சென்ட்ரல் ஃபைலை நெட்வொர்க் வழியே சின்க் செய்யும்போதுதான் எல்லோரும் காத்திருக்கிறார்கள் என்றால், புது பிராசஸரைத் தேடும் முன் நெட்வொர்க்கைப் பார்க்க வேண்டும். மூலையில் பழைய 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஜிகாபிட் ஸ்விட்ச் போடலாம். அதற்குச் சில ஆயிரம் ரூபாய் போதும்.