"மறுபடியும் பனையா?" என்று கேட்டவருக்கு



சென்ற மாதம் எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், பள்ளியின் பின்புறம் வெறுமனே கிடக்கும் நிலத்தில் இந்நாட்டுப் பனை வகைகளை விதையிட்டு வளர்க்கலாம் என்று முன்மொழிந்தேன். பின்வரிசையிலிருந்து ஓர் அன்பர் எழுந்து, "சார், செம்பனைத் தோட்டத்தை விட்டு வெளியேறத்தானே பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறோம்? மறுபடியும் பனையா?" என்றார். எல்லோரும் சிரித்தனர். நானும் சிரித்துவிட்டு அமர்ந்துவிட்டேன். அப்படி அமர்ந்தது தவறு. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அன்பரே, செம்பனை இந்நாட்டு மரமே அன்று. அது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1917-இல் சிலாங்கூரில் அதனை முதன்முதலில் வணிகத்திற்காக நட்ட தோட்டத்தின் பெயர் தென்னமரம். (தென்னைக்கும் செம்பனைக்கும் வேறுபாடு தெரியாத நம் குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது போலும்!) நான் சொன்ன பனைகள் வேறு.

ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளையும் ஏறுகிறோம். அம்மலையில் என்ன வளர்கிறது என்று எவரேனும் கேட்டதுண்டா? அதன் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் ஒரு சிறிய விசிறிப்பனை வளர்கிறது. மேக்ஸ்புரேட்டியா ரூப்பிக்கோலா என்பது அதன் அறிவியற்பெயர். உலகிலேயே அது இயற்கையாக வளரும் இடங்கள் பத்துமலை, புக்கிட் தாக்குன், புக்கிட் அனாக் தாக்குன் ஆகிய மூன்று குன்றுகள் மட்டுமே. மூன்றும் சிலாங்கூரில் உள்ளன. அதனை முதலில் அறிவியலுக்கு விளக்கி எழுதியவர் சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராக இருந்த ரிட்லி. மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையை வகுத்து, நம் பாட்டன்மார் கையில் உளி கொடுத்த அதே ரிட்லிதான்! பால்மரத்தின் கதை நமக்குத் தெரியும். பத்துமலைப் பனையின் கதை தெரியாது. முருகன் மலையில் முளைத்த மரத்தின் பெயரை அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் பனை ஆர்வலர்கள் தவறின்றிச் சொல்கிறார்கள். நம் ஆறாம் ஆண்டு மாணவர் அதனைக் கேட்டதே இல்லை. இதற்கு வெட்கப்பட வேண்டியவர்கள் மாணவர்களா, நாமா?

பனை வளர்ப்போரைப் பொழுதுபோகாத செல்வர்கள் என்று சிலர் எள்ளுகின்றனர். 1956-இல் டென்ட் ஸ்மித் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய பனைக் கழகம் இன்று பன்னாட்டுக் கழகமாக இயங்குகிறது. பிரின்சிப்பஸ் என்ற அதன் இதழ் 1999 முதல் பாம்ஸ் என்ற பெயரில் வருகிறது. இவர்களிடம் நான் வியக்கும் பண்பு ஒன்றுண்டு. பனை விதைகள் பல, உலர்ந்தால் விரைவில் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். பதுக்கி வைப்பவனிடம் செத்த கொட்டைதான் மிஞ்சும். எனவே மரம் காய்த்ததும் பகிர்ந்தாக வேண்டும். ஒருவர் விதை அனுப்ப, மற்றொருவர் முளைக்க வைத்து, முளைத்த விதத்தை எழுதித் தெரிவிக்கிறார். வகுப்பறையில் குழுமுறைக் கற்றல் என்று நாம் சுவரொட்டி ஒட்டுகிறோமே, அது இதுதானே?

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல். ஓலை உடையதெல்லாம் தென்னை என்று நாமே கற்பிக்கிறோம். பனை, கமுகு, ஈந்து, கூந்தற்பனை, தாளிப்பனை என்று பெயரிட்டுப் பிரித்த மொழி நம்முடையது. வெளிப்புறம் வயிரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உட்புறம் வயிரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் வகைப்படுத்துகிறது. அதன்படி தென்னையும் பனையும் புல்லினம். இன்றைய தாவரவியலும் புல்லையும் பனையையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்றே ஒருசேர வைக்கிறது. இதைவிட நல்ல பாடம் வேறு எங்கே கிடைக்கும்? நிபோங் திபால் என்ற ஊரின் பெயரில் ஒரு பனை இருக்கிறது. பினாங்கு என்ற பெயரிலேயே பாக்கு இருக்கிறது. ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த பக்கத்திற்குப் போய்விடுகிறோம்.

சேகரிப்போரால் கேடே இல்லை என்று நான் வாதாடமாட்டேன். காட்டிலிருந்து பெயர்த்தெடுப்பவர்கள் உண்டு. ஒரே இலை சாய்சதுரமாக விரியும் ஜொகானெஸ்டைஸ்மானியா பனையைப் பாருங்கள். அதன் நான்கு இனங்களும் தீபகற்ப மலேசியாவில் வளர்கின்றன. அவற்றுள் மூன்று வேறெங்கும் இல்லை. ஓராங் அஸ்லி மக்கள் அவ்வகை இலையால் கூரை வேய்வர். வேரைக் குலைத்தால் அது பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆகவே அதனைத் தோண்டிக் கொண்டுவருபவன் ஆர்வலன் அல்லன், திருடன். அவன் ஒருவனைக் காட்டி, விதையிட்டுப் பத்தாண்டு காத்திருப்பவரையும் பழிப்பது முறையன்று. பத்துமலைப் பனையைப் பள்ளிக்குக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அது அங்கேயே இருக்கட்டும். பிள்ளைகள் அதன் பெயரைத் தெரிந்துகொண்டு படியேறினால் போதும்.

"தேர்வில் வருமா?" என்றும் ஒரு தாயார் கேட்டார். யூ.பி.எஸ்.ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது, அம்மா. அந்தக் கேள்வியை மட்டும் யாரும் நீக்கவில்லை.

பள்ளி வாயிலில் நிற்கும் சிவப்புத் தண்டுப் பினாங் ராஜா இப்போது காய்த்திருக்கிறது. அதுவும் இம்மண்ணின் சதுப்புக்காட்டுப் பனைதான். வரும் சனிக்கிழமை காலை நான்காம் ஆண்டு மாணவர்களோடு அதன் விதைகளைப் பொறுக்கிப் பைகளில் மண் நிரப்பி ஊன்றப் போகிறோம். முளைக்க மாதக்கணக்கில் ஆகலாம். கேள்வி கேட்ட அன்பரின் மகனும் பெயர் கொடுத்திருக்கிறான். அப்பாவிடம் மண்வெட்டி இருக்கிறதாம். கேட்டு வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறான்.