புனித எலும்பில் ஒரு கட்டி

முதுகெலும்பின் அடியில், இடுப்பெலும்புகள் இரண்டுக்கும் நடுவே ஆப்பு வைத்தாற்போல் அமைந்துள்ள முக்கோண எலும்புக்கு இலத்தீன் மொழியில் ‘சாக்ரும்’ என்று பெயர். புனிதமானது என்பது அதன் பொருள். ஐந்து முள்ளெலும்புகள் இணைந்து ஒன்றான இவ்வெலும்பில், மிக அரிதாக, ‘கார்டோமா’ என்னும் புற்றுக்கட்டி தோன்றுவதுண்டு. கரு வளருங்கால் முதுகெலும்புக்கு முன்னோடியாய் அமையும் முதுகுநாணின் எச்சம் சிலரிடம் எலும்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது; பல்லாண்டுகள் கழித்து அதிலிருந்தே இக்கட்டி முளைக்கிறது. பத்து இலட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கு வருவதே அரிது. பின் குடும்ப இதழில் இதை எழுதுவானேன் எனலாம். அரிய நோய் என்பதாலேயே அது காலந் தாழ்ந்து கண்டறியப்படுகிறது.

நாம் வாழும் கோவிலூர், காரைக்குடிப் பகுதியில் ஐம்பது வயது கடந்தவர் இடுப்பு வலிக்கிறதென்றால் தைலம் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுப்போம். பெரும்பாலான வலி அதற்கே அடங்கிவிடும். ஆனால் திண்ணையில் உட்கார்ந்தாலே அடிமுதுகு வலிக்கிறது, இரவிலும் விடவில்லை, மலச்சிக்கல் புதிதாய் வந்துள்ளது, சிறுநீர் கழிப்பது கடினமாகிறது, உட்காருமிடம் மரத்துப்போகிறது என்றால் மருத்துவரை நாட வேண்டும். மலவாயில் விரலிட்டுச் சோதித்தால் பல வேளைகளில் கட்டி தட்டுப்படும். இதற்குக் கூச்சப்பட்டு, மூலத்துக்கு மருந்துண்டு ஆண்டுகளைக் கழிப்போரும் உளர்!

எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி தெரிந்தால் உடனே கத்தியை எடுக்கச் சொல்லலாகாது. முதலில் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். அதனையும் மலக்குடல் வழியே எடுக்காமல், பின்புறத்திலிருந்து, பிறகு அறுவையில் சேர்த்து நீக்கத்தக்க வழியில் எடுப்பதே முறை. ஊசி சென்ற பாதையிலும் புற்றணுக்கள் தங்கக்கூடும். கட்டியைத் துண்டு துண்டாய்ச் சுரண்டி எடுத்தால் மீண்டும் வளரும். சுற்றிலும் நல்ல திசுவோடு முழுமையாய் எடுத்தால்தான் நிலையான பலனுக்கு வாய்ப்புண்டு. சுவீடன் நாட்டு மருத்துவர்கள் ஸ்டேனரும் குண்டர்பெர்க்கும் இவ்வெலும்பை மிக உயரத்தில் வெட்டியெடுக்கும் முறையை 1978இல் விளக்கி எழுதினர். முதல் அறுவையே சிறந்த வாய்ப்பு என்பதால், இத்தகைய கட்டிகளில் பழகிய பெரிய மருத்துவமனைக்கே செல்ல வேண்டும்.

இதற்கு விலை உண்டு. சிறுநீரையும் மலத்தையும் அடக்கும் நரம்புகள் இவ்வெலும்பின் துளைகள் வழியேதான் செல்கின்றன. மேலிருந்து இரண்டாம் இணை நரம்புகள் இரண்டும், மூன்றாம் இணையில் ஒன்றேனும் காக்கப்பட்டால், பெரும்பாலோர்க்கு அடக்கும் ஆற்றல் நிலைக்கும். கட்டி அதற்கு மேலே ஏறியிருந்தால், உயிரைக் காக்க அந்நரம்புகளையே இழக்க நேரிடும். உடலின் ஓர் உறுப்பைத் தெரிந்தே இழக்கலாமா என நம்மவர் கலங்குவர். திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952இல் நரம்பு மருத்துவ ஆய்வாளர்களிடம் பேசுகையில், முழு மனிதரின் நலனுக்குத் தேவையான அளவுக்கு ஓர் உறுப்பை இழக்க நோயாளர் இசையலாம் எனத் தெளிவாக்கினார். இசைவு தர வேண்டியவர் நோயாளரே. ஆகவே என்ன இழக்கப்படும் என்பதை அவரிடம் மறைத்துப் பிள்ளைகள் மட்டும் கையொப்பமிடுவது நமக்குச் சரியாய்த் தோன்றவில்லை.

அமெரிக்காவில் 1973 முதல் 1995 வரை பதிவான 400 கார்டோமா நோயாளரை, மண்டையோட்டடியில் வந்தோரையும் சேர்த்து, ஆராய்ந்தனர். ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தோர் நூற்றுக்கு 68 பேர்; பத்தாண்டு கடந்தோர் 40 பேர். முழுமையாய் நீக்க இயலாதபோது உயர்ந்த அளவுக் கதிர்வீச்சு தேவை. அதற்கான புரோட்டான் சிகிச்சை 2019இல் சென்னையில் தொடங்கியது.

சிறுநீர் அடங்காதவர் வேளைக்கொரு முறை தாமே குழாயிட்டு வெளியேற்றக் கற்றுக்கொள்ளலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளருக்கு அறுவை செய்தார். அங்கு 1966இல் மறுவாழ்வு நிலையம் உருவாகவும் உழைத்தார்.

இன்னொன்று. அறுவைக்கு முன் பங்குத்தந்தையை அழைத்தால் நோயாளர் அஞ்சுவாரென்று பலர் தயங்குகின்றனர். நோயில்பூசுதல் சாகுங்கால் மட்டும் பெறும் அருளடையாளமன்று. கடும் நோயின் பொருட்டு அறுவைக்குச் செல்வோர் முன்னதாகவே பெறலாம். சென்னை செல்வோர் அதிகாலைப் பல்லவனைப் பிடிக்குமுன், முந்தைய மாலையே கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.