சரித்திர வினாவும் மாணவர் விடையும்

பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியே வரும் பிள்ளையிடம் பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "எத்தனை பக்கம் எழுதினாய்?" மேலதிகத் தாள் மூன்று வாங்கிக் கட்டியதாகப் பிள்ளையும் பெருமையுடன் கூறும். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பெறுபேறு வெளிவரும் நாளிலோ, சரித்திர பாடத்துக்கு நேரே வெறுஞ் சாதாரண சித்தி நிற்கக் கண்டு, "இரவு பகலாகப் படித்தானே, தெரிந்த யாவற்றையும் எழுதினானே, இஃது எங்ஙனம் நேர்ந்தது?" என்று கலங்குவர். விடைத்தாளைத் திருத்தியவர் மீது ஐயங் கொள்வோரும் உளர்.

தெரிந்த யாவற்றையும் எழுதினான் என்பதிலேயே காரணம் அடங்கியிருக்கிறதென்பது நம் கருத்து. மாணவன் அறிந்தவை எவ்வளவு என்று அளப்பதற்காக மட்டும் சரித்திர வினா ஆக்கப்படுவதில்லை. கேட்கப்பட்ட ஒன்றைப் பற்றி அவன் என்ன முடிவுக்கு வருகிறான், அம்முடிவுக்கு அவன் காட்டும் ஆதாரம் யாது என்பவற்றையே பரீட்சகர் தேடுகிறார். அவை இல்லாதவிடத்து பத்துப் பக்கமும் இரண்டு பக்கமும் ஒன்றே.

உதாரணமொன்றை எடுத்து நோக்குவோம். "1815 ஆம் ஆண்டிற் கண்டி இராச்சியம் வீழ்ந்தமைக்குப் பிரதானிகளின் துரோகமே காரணம். ஆராய்க." இத்தகைய வினா நம் நாட்டு மாணவருக்குப் புதியதன்று. வினாத்தாளைக் கண்டதும் ஒரு மாணவன் உள்ளங் குளிர்ந்து, 1739 இல் நாயக்க வமிசம் கண்டியில் அரியணை ஏறியதிலிருந்து தொடங்குகிறான். 1796 இற் பிரித்தானியர் ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைக் கைப்பற்றியது, 1798 இல் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் முடிசூடியது, 1803 ஆம் ஆண்டு யுத்தம், எகலப்பொலவின் குடும்பத்துக்கு நேர்ந்த கொடுமை, 1815 மார்ச் 2 ஆந் திகதி உடன்படிக்கை, மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832 இல் அங்கு மாண்டது என யாவும் வரிசையாக வருகின்றன. திகதிகளில் ஒன்றேனும் பிழையில்லை. ஆனால் 'ஆராய்க' என்ற சொல்லுக்கு ஒரு வரியேனும் விடையில்லை. துரோகந்தானா, அன்றி வேறு காரணமும் உண்டா என்று கேட்டவருக்குக் கதையைச் சொல்லிவிட்டு அவன் எழுந்து போய்விட்டான். வழி கேட்டவனுக்கு ஊரின் தலபுராணத்தை ஓதியது போன்றதே இது.

வேறொரு மாணவன், அதே குறிப்புக்களைப் படித்தவனே, பேனாவை எடுக்குமுன் ஐந்து நிமிடம் யோசிக்கிறான். 1815 இல் வென்ற பிரித்தானியர் 1803 இல் ஏன் தோற்றனர் என்பது அவன் தனக்குத் தானே கேட்டுக்கொள்ளும் கேள்வி. இக்கேள்வி பிறந்தவுடனே அவன் படித்த செய்திகள் யாவும் உயிர்பெற்று எழுந்துவிடுகின்றன. மலையும் காடும் இரு முறையும் அவையே. மன்னனும் அவனே. பருவமும் ஏறக்குறைய ஒன்றே. 1803 இலும் 1815 இலும் ஆண்டின் தொடக்கத்திலேயே படைகள் புறப்பட்டன, இரு தடவையும் பெப்ரவரியிற் கண்டி நகரை அடைந்தன. இரு தடவையும் மன்னன் நகரை விட்டு நீங்கியிருந்தான். நகரம் ஆளரவமற்றுக் கிடந்தது. இவ்வளவு ஒற்றுமையிருந்தும் முடிவுகள் வேறாயின. ஆகவே, இரு யுத்தங்களுக்கும் பொதுவாயிருந்த ஒன்று தனித்து நின்று 1815 இன் வீழ்ச்சிக்குக் காரணமாக இருத்தல் இயலாது. மாறியது யாதென்றே தேடவேண்டும்.

மாறியவை சில உண்டு. 1803 இல் நகரை விட்டு நீங்கிய மன்னனைக் காட்டிக்கொடுப்பார் எவருமிலர். பிரித்தானியர் முத்துசாமி என்பவனை அரியணையில் இருத்தினர். மக்கள் அவனை ஏற்கவில்லை. காவலுக்கு நின்ற படை காய்ச்சலால் நலிந்து, ஜூன் மாதத்தில் மேஜர் டேவி சரணடைய நேர்ந்தது. அவருடைய படையினரிற் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். 1815 இலோ மன்னன் நகர் நீங்கிய சில நாட்களுள், பெப்ரவரி 18 ஆந் திகதி, எகலப்பொலவைச் சார்ந்தோர் கையிலேயே அகப்பட்டான். எகலப்பொல முந்திய ஆண்டிலேயே பிரித்தானியரிடம் சென்றுவிட்டான். மன்னனின் படைக்குப் பொறுப்பாயிருந்த மொல்லிகொடவும் யுத்தத்தின் நடுவே அவர்கள் பக்கஞ் சேர்ந்தான். சிங்களம் கற்று, கண்டியின் உட்செய்திகளை ஆண்டுக்கணக்காகத் திரட்டி வந்த ஜோன் டொயிலி என்பார் தேசாதிபதி பிறவுண்றிக்கின் அருகில் இருந்தார். எட்டுப் பிரிவுகளாகப் படைகள் பல திசைகளினின்றும் ஏவப்பட்டன. ஐரோப்பாவின் நிலையையும் மறத்தலாகாது. 1803 மே மாதத்திற் பிரான்சுடன் மீண்டும் போர் மூண்டது. 1815 ஜனவரியில் நெப்போலியன் எல்பாத் தீவில் இருந்தான், பிரித்தானியருக்கு அங்கே ஓய்வு கிடைத்திருந்தது.

இதுவரை வந்த மாணவன் நன்றாகவே எழுதிவிட்டான். இனி அவன் செய்யக்கூடிய ஒன்று உண்டு. அதைச் செய்பவர் மிகச் சிலர். தன் வாதத்துக்கு எதிராக நிற்கும் செய்தியைத் தானே எடுத்து மேசைமேல் வைப்பதே அது. 1803 இலும் ஒரு பிரதானி பிரித்தானியருடன் இரகசியமாகப் பேசினானன்றோ? பிலிமத்தலாவை தேசாதிபதி நோர்த்துடன் நடத்திய பேச்சுக்கள் சரித்திரப் புத்தகம் படித்த எவருக்குந் தெரியும். அப்படியாயின் துரோகம் இரு முறையும் இருந்ததே! இங்கே கெட்டிக்கார மாணவன் அஞ்சி ஒளியமாட்டான். ஒரு பிரதானி அந்தரங்கமாகப் பேசுவதும், ஒரு மாகாணத்தின் தலைவன் தன் ஆட்களுடன் வெளிப்படையாக எதிர்ப்பக்கஞ் சேர்வதும் ஒன்றல்ல என்று பிரித்துக் காட்டுவான். அவ்வாறு காட்டும் இரண்டு வாக்கியங்களுக்கு, நாயக்க வமிச வரலாறு எழுதிய இரண்டு பக்கங்களிலும் மதிப்புக் கூடுதல்.

வினாவில் வந்துள்ள 'துரோகம்' என்ற சொல்லும் கேள்விக்குரியதே. தம் மன்னனுக்கு எதிராக எழுந்தவர்கள் தம் நாட்டைப் பிறருக்குக் கொடுக்க எண்ணினார்களா? மார்ச் 2 ஆந் திகதி உடன்படிக்கையில் பிரதானிகளின் உரிமைகளும் பௌத்த சமயத்தின் பாதுகாப்பும் உறுதிசெய்யப்பட்டன. அதாவது, மன்னன் போவான், மற்றவையெல்லாம் முன்போல நிற்கும் என்று அவர்கள் எதிர்பார்த்தனர் எனலாம். 1817 இல் ஊவாவிலும் வெல்லசையிலும் கிளர்ச்சி மூண்டபோது, அதை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெற்றிப்பொல கிளர்ச்சிக்காரருடன் சேர்ந்து, 1818 நவம்பரிற் சிரச்சேதஞ் செய்யப்பட்டான். எகலப்பொல சந்தேகத்தின்பேரிற் சிறைப்பட்டு, பின் மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்டு, 1829 இல் அங்கு இறந்தான். இவற்றை நோக்கும்போது துரோகம் என்ற ஒரே சொல்லால் யாவரையும் அடைத்துவிடுதல் பொருந்துமா என்ற ஐயம் எழுகின்றது. இந்த ஐயத்தை எழுதுவதற்கு மாணவன் தயங்கவேண்டியதில்லை. வினாவில் ஒரு கூற்றைக் கொடுத்திருப்பது அதற்குத் தலையாட்டுவதற்காக அன்று.

இம்மாணவனுடைய விடை எவ்வாறு தொடங்கலாம்? நாம் எழுதிக் காட்டுவதைப் பாடமாக்க வேண்டாம். போக்கை மட்டும் கவனிக்க. 'கண்டியின் மலைகளும் காய்ச்சலும் 1803 இற் பிரித்தானியரைத் தோற்கடித்தன; 1815 இல் அவை அங்கேயே இருந்தும் இராச்சியத்தைக் காக்கவில்லை. இடையில் மன்னனுக்கும் பிரதானிகளுக்கும் இருந்த பிணைப்பு அறுந்ததே தலையாய காரணம். ஆயினும் அதனைப் பயன்படுத்தத்தக்க அறிவையும் ஓய்வையும் பிரித்தானியர் அப்போது பெற்றிருந்தமையால், துரோகம் மட்டுமே காரணம் எனல் பொருந்தாது.' மூன்றே வாக்கியங்கள். பரீட்சகர் இவற்றைப் படித்த அளவில், இனி வருவது எதற்காக வருகிறதென்று அறிந்துகொள்கிறார். 'முத்தென விளங்கும் இலங்கைத் திருநாட்டில்' என்று தொடங்கும் முகவுரைகளால் விளையும் பயன் ஒன்றுமில்லை. அவற்றை எந்தப் புண்ணியவான் முதன்முதலிற் சொல்லிக் கொடுத்தானோ!

திகதிகளைப் பற்றியும் ஒரு சொல். திகதி வேண்டாமென்று நாம் கூறவில்லை. மேலே கண்ட வாதம் முழுவதும் 1803, 1815 என்னும் இரு ஆண்டுகளின் மேலேயே நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு திகதியும் ஒரு வேலை செய்யவேண்டும். பத்து வியாபாரிகள் அங்கவீனப்படுத்தப்பட்ட செய்தியை 1814 உடன் சேர்த்து எழுதுபவன், அது யுத்தத்துக்குச் சொல்லப்பட்ட சாட்டா, உண்மைக் காரணமா என்றும் ஒரு வரி எழுதவேண்டும். எழுத இயலாதாயின் அச்செய்தியை விட்டுவிடலாம். ஞாபகமில்லாத நாளை ஊகித்து எழுதுவதிலும் 'நூற்றாண்டின் தொடக்கத்தில்' என்று எழுதுவது மேல்.

நேரத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. மூன்று மணித்தியாலத்தில் ஐந்து வினாக்களாயின், ஒன்றுக்கு முப்பத்தாறு நிமிடம். அதில் முதல் ஐந்து நிமிடத்தை யோசனைக்கும் குறிப்புக்கும் கொடுப்பவன் நட்டமடையான். நன்றாகத் தெரிந்த வினாவுக்கு ஒரு மணித்தியாலத்தைச் செலவிட்டுக் கடைசி வினாவை அந்தரத்தில் விடுபவனே நட்டமடைபவன்.

யாழ்ப்பாண இராச்சியத்தைப் பற்றிய வினாக்களில் இன்னுமொரு வாய்ப்பு உண்டு. நம் பிள்ளைகள் அதனைப் பெரும்பாலும் தவறவிடுகின்றனர். 1619 இல் அவ்விராச்சியம் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை எழுதியதோ அதற்கு நூறாண்டுக்குப் பின், ஒல்லாந்தர் காலத்தில். போர்த்துக்கேயர் பக்கத்துக் கதையை விரித்தெழுதிய குவேறோஸ் பாதிரியாரும் கோவாவிலிருந்து, அந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே எழுதினார். இருவரும் கண்ணாற் கண்டவரல்லர். ஒருவர் ஊர் மரபைக் கேட்டெழுதினார். மற்றவர் வென்றோர் பக்கத்து ஏடுகளையும் செய்திகளையும் துணைக்கொண்டார். சங்கிலி மன்னனைப் பற்றி எழுதும் மாணவன், தான் சொல்லும் செய்தி இவற்றுள் எதிலிருந்து வருகிறது, அதை எவ்வளவுக்கு நம்பலாம் என்று ஒரு வாக்கியம் சேர்த்தால், அவன் மனனஞ் செய்தவன் அல்லன் என்பது உடனே புலப்படும். நம் மன்னன் என்ற பாசத்தினால் ஆதாரத்தை வளைக்க வேண்டியதுமில்லை.

பெற்றோருக்கு ஒன்று. வசதி படைத்த வீட்டுப் பிள்ளை மூன்று இடங்களிற் குறிப்பு வாங்குகிறது. வசதியற்ற வீட்டுப் பிள்ளையோ பாடப்புத்தகம் ஒன்றையே திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, தன்னிடம் குறிப்பு இல்லையே என்று மனம் வாடுகிறது. இந்த வாட்டம் வேண்டாதது. மேலே இரண்டாம் மாணவன் பயன்படுத்திய செய்திகளிற் பெரும்பாலானவை சாதாரணப் புத்தகங்களில் உள்ளவையே. அவன் மேலதிகமாகக் கொண்டுவந்தது ஒரு கேள்வி மட்டுமே. அதற்குக் காசு கொடுக்கவேண்டியதில்லை. இராச்சாப்பாட்டின்பின் பிள்ளையை அழைத்து, "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "அது ஏன் அப்போது நடந்தது, பத்து ஆண்டுக்கு முன் ஏன் நடக்கவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடம் அதிகம் போகாத தாயாருங் கேட்கக்கூடிய கேள்வி இது. விடை சரியா பிழையா என்று கேட்பவருக்குத் தெரியவேண்டுமென்பதுமில்லை. பிள்ளை தடுமாறினால், அதுவே புத்தகத்தை எடுத்துவந்து தேடும்.

இவ்வார விடுமுறையில் முயன்று பார்க்க ஒரு வினா தருகிறோம்: "1833 ஆம் ஆண்டின் கோல்புறூக் - கமரன் சீர்திருத்தங்கள் இலங்கையை ஒன்றுபடுத்தின என்பது எந்தளவிற்குப் பொருந்தும்?" முப்பத்தாறு நிமிடத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். தீவு ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டதும், சட்டநிரூபண சபை அமைந்ததும் எல்லோரும் எழுதுவர். கண்டிப் பகுதியின் தனி நிருவாகம் நீங்கியதால் இழந்தவர் யார், பெற்றவர் யார் என்று பாருங்கள். இராசகாரியம் ஒழிக்கப்பட்டது 1832 இல் என்பதையும், சட்டங்களால் ஒன்றானது நிருவாகமா மக்களா என்பதையும் கவனித்து எழுதுக.