ஊடுகதிரும் இளைஞர் அச்சமும்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, மயிலத்துக்கு வழி பிரியும் கூட்டேரிப்பட்டு, விரைவுப் பெருஞ்சாலையை அடுத்த ஊர். அச்சாலையோரம் வாழ்வார்க்கு எலும்பு முறிவு புதிதன்று. ஆயினும், இடுப்பினை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும் என மருத்துவர் சொன்ன மாத்திரத்தில், பிள்ளைப்பேறு அற்றுப்போகும் என்றஞ்சிப் பின்வாங்கும் இளைஞர் உளர். மணமாகாதவர்க்கு அச்சம் இன்னும் மிகுதி. இவ்வச்சம் வெறும் பொய்யோ எனின், அன்று. அதன் வேர் மெய்யானதே. அளவறியாமையே அதனைப் பூதமாக்கிற்று என்பது எம் கருத்து.

ராண்ட்ஜன் 1895-இல் இக்கதிரைக் கண்டார். எட்டே ஆண்டுகளில், 1903-இல், ஹாம்பர்க் நகரத்து ஆல்பர்ஸ் ஷோன்பெர்க் என்பார், கதிர்பட்ட ஆண்முயல்களும் கினிப்பன்றிகளும் மலடானமையை வெளியிட்டார். 1905-இல் நியூயார்க்கு மருத்துவர் பிரௌனும் ஆஸ்குடும், கதிர்க்கருவியோடு நாடோறும் உழைத்த ஆடவரிடத்தும் அதே குறையைக் கண்டனர். அவ்வுழைப்பாளிகள் மறைப்பின்றி, மணிக்கணக்காக, ஆண்டுக்கணக்காகக் கதிரில் நின்றவர்கள். ஆல்பர்ஸ் ஷோன்பெர்க் தாமே கதிர்ப்புண்ணால் ஒரு கையை இழந்து 1921-இல் உயிர்நீத்தார். அன்னாரின் துன்பத்தை ஒரு நொடிப் படத்தின்மேல் ஏற்றிக் கூறுதல் முறையாகுமா?

கதிரை அளக்கும் அலகு மில்லிகிரே. விதைகள் ஒரே தடவையில் ஏறத்தாழ 150 மில்லிகிரே பெற்றால் விந்தணு சிலகாலம் குன்றிப் பின் மீளும். நிலையான மலட்டுத்தன்மைக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். மார்பினை எடுக்கும் படத்தில் விதைகளைச் சேர்வது ஒரு மில்லிகிரேயின் நூற்றிலொரு பங்கும் இல்லை. இடுப்புப் படத்திலோ சில மில்லிகிரே. சி.டி. ஸ்கேனில் அளவு பன்மடங்கு உயரும். எனினும் ஒரு தடவையில் அந்த 150-ஐ எட்டுவதில்லை. எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் இரண்டிலும் இத்தகைய கதிரே இல்லை.

பல்லாண்டாக நோயாளியின் விதைகளின்மேல் ஈயத்தகடு வைத்துப் படமெடுக்கும் வழக்கம் இருந்தது. அமெரிக்க மருத்துவ இயற்பியலார் சங்கம் 2019-இல் அதனை விட்டுவிடலாம் என அறிவித்தது. தகடு இடம்பெயர்ந்து காணவேண்டிய எலும்பை மறைக்கும், மறுபடியும் எடுக்கநேரும், காப்பென்று வைத்ததே கதிரைக் கூட்டும். ஆகவே, தகடில்லையென்று எந்த நண்பரும் கலங்கவேண்டா.

இடையே ஒன்று. நம்மவர் மகப்பேற்று வலியையும் ஆண்மையையும் ஒன்றெனக் குழப்புகின்றனர். கதிரால் விந்தணு குன்றியவர்க்கும் இல்லற இன்பம் குன்றுவதில்லை. இக்குழப்பத்தினாலேயே, மகவு இல்லாத வீட்டில் மனைவியை ஊர்தோறும் மருத்துவரிடம் அலையவைத்துவிட்டு, கணவன் எளிய விந்துப் பரிசோதனைக்கும் உடன்படான். எக்ஸ்ரேயை அஞ்சும் அறிவு இங்கே எங்கே ஒளிந்தது?

வேண்டாப் படத்தை யாமும் ஆதரிக்கவில்லை. பழைய படங்களை உடன்கொண்டு செல்லுதலும், "இது தேவைதானா ஐயா?" என்று பணிவோடு வினவுதலும் நன்று. கதிரறையில் நாள்முழுதும் பணிபுரிவோர் அளவுகாட்டும் பட்டையை அணிதல் இன்றியமையாதது. புற்றுநோய்க்காக இடுப்பில் கதிர்ச்சிகிச்சை பெறுவோர் நிலை முற்றும் வேறு. ஆங்கே அளவு ஆயிரங்களைத் தாண்டும்; ஆதலின் சிகிச்சை தொடங்குமுன்னரே விந்தணுவை உறையவைத்துச் சேமிப்பது பற்றி மருத்துவரிடம் நாணாது கேட்டல் வேண்டும்.