அட்ரஸ் மாறிப்போச்சு மச்சி!

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒண்ணுக்கு ரெஸ்யூமே அனுப்பணும். கவர்ல 'வேலூர் மாவட்டம்'னு எழுதுவீங்களா? 2019-லயே ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயாச்சு. ராணிப்பேட்டை தனி மாவட்டமே ஆயாச்சு. ஊர் நகரலை, தோல் வாசனைகூட அப்படியேதான் இருக்கு. காகிதத்துல இருக்கிற அட்ரஸ்தான் பழசாயிடுச்சு. போஸ்ட்மேன் பின்கோடைப் பார்த்து எப்படியோ கொண்டு சேர்த்துடுவார். கம்ப்யூட்டர் அந்தக் கருணையெல்லாம் காட்டாது.

நீங்க எழுதுற ஸ்கிரிப்ட்டோட முதல் வரியைப் பாருங்க. ஒரு ஹேஷ், ஒரு ஆச்சரியக்குறி, அப்புறம் ஒரு பாதை. இதுக்குப் பேர் ஷெபாங். 1980 ஜனவரியில பெல் லேப்ஸ்ல டென்னிஸ் ரிட்சி யூனிக்ஸுக்குள்ள கொண்டுவந்த சமாச்சாரம். 'இந்த ஃபைலைப் படிக்க, இந்த இடத்துல இருக்கிற ஆளைக் கூப்பிடு'ன்னு அர்த்தம். ஆள்னா இன்டர்பிரெட்டர். பைத்தான், பாஷ், பேர்ல்... யாரா வேணா இருக்கலாம்.

வம்பு என்னன்னா, அந்த ஆள் எல்லா வீட்லயும் ஒரே ரூம்ல இருக்கிறதில்லை. லினக்ஸ்ல பைத்தான் வழக்கமா 'யூஎஸ்ஆர் பின்'ல இருக்கும். ஃப்ரீபிஎஸ்டியில 'யூஎஸ்ஆர் லோக்கல் பின்'. புது மேக்ல ஹோம்ப்ரூ வழியா போட்டா 'ஆப்ட்' ஃபோல்டருக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். மேக்கோட கூடவே வந்த பைத்தான் 2-ஐ 2022 மார்ச்ல, 12.3 வெர்ஷன்ல ஆப்பிள் தூக்கிட்டாங்க. அந்தப் பாதையை நம்பின ஸ்கிரிப்ட்டெல்லாம் அம்போ!

நம்ம ஊர்லயே இதுக்கு உதாரணம் இருக்கு. 2011-ல தமிழக அரசு கொடுக்க ஆரம்பிச்ச இலவச லேப்டாப் ஞாபகம் இருக்கா? ஒரே பெட்டியில விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக் உருவாக்கின 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. பாஸ் பக்கம் பூட் பண்ணா ஷெபாங்குக்கு மரியாதை. விண்டோஸ் பக்கம் போனா அந்த வரியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. 2012-ல பைத்தான் 3.3 கூட ஒரு லாஞ்சர் வந்த பிறகுதான் அங்கே பைத்தானுக்கு அதைப் படிக்க ஒரு வழி பிறந்தது.

சரி, வழி? முழுப் பாதைக்குப் பதிலா 'யூஎஸ்ஆர் பின் என்வ்'னு எழுதி, ஒரு இடம் விட்டு, பைத்தான்3-னு போடுங்க. 'மூணாவது சந்து, நாலாவது கடை'ன்னு தேடாம, ஆம்பூர் பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி 'பிரியாணி எங்கேண்ணா?'ன்னு கேட்கிற மாதிரி. 'பாத்' லிஸ்ட்ல இருக்கிற ஃபோல்டர்களை என்வ் வரிசையா தேடும். எது முதல்ல கிடைக்குதோ அதுதான் உங்களுக்கு. 'ஆம்பூர் பிரியாணி'ன்னு போர்டு வெச்ச கடையெல்லாம் ஒரே ருசியா என்ன? வெர்ஷனைப் பார்த்துக்கோங்க. ராத்திரியில தானா ஓடுற கிரான் வேலைகள்ல இந்த லிஸ்ட் ரொம்பச் சின்னது. அங்கே மட்டும் பாதையை நீங்களே சொல்லிடறது நல்லது.

ஃபைனல் இயர்ல இது விளையாட்டில்லை. ராத்திரி பகலா உழைச்ச புராஜெக்ட்டை எக்ஸ்டர்னல் முன்னாடி வேற மெஷின்ல ஓட்டுறீங்க. 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'ங்குது. ஃபைல் கண்ணு முன்னாடி இருக்கு! காணாமப் போனது இன்டர்பிரெட்டர்னு உங்களுக்குப் புரியறதுக்குள்ள அவர் மார்க் போட்டு முடிச்சிருப்பார்.

என்வ் போட்டும் அதே எர்ரரா? விண்டோஸ் நோட்பேட்ல எழுதினீங்களானு பாருங்க. வரி முடிவுல கண்ணுக்குத் தெரியாத ஒரு 'கேரேஜ் ரிட்டர்ன்' ஒட்டிக்கிட்டு வரும். லினக்ஸ் அதையும் பேரோட சேர்த்துப் படிச்சுட்டு, அப்படி ஒரு ஆளே இல்லைன்னு கையை விரிச்சுடும். 'டாஸ்2யூனிக்ஸ்'னு ஒரு குட்டி கமாண்ட் இருக்கு, ஒரே தட்டுல துடைச்சுடும்.